தோற்காத அணியின் இரண்டாவது கீப்பர்

அரசு மருத்துவமனையின் மாவுக்கட்டு அறையில் கட்டுப் போடுகிறவருக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறவரிடம்கூட முதலில் சீட்டைத்தான் கேட்பார். பெயர், வயது, இடதா வலதா எல்லாவற்றையும் தானே ஒரு தடவை வாசிப்பார். பிறகு சீட்டை வந்தவரிடமே நீட்டி, அவரையும் வாசிக்கச் சொல்வார்.

"ஏங்க, கை தொங்குது. எந்தக் கைன்னு பாத்தா தெரியலையா?"

"கை தெரியுது. சீட்டுல எந்தக் கைன்னு போட்டிருக்குன்னு பாருங்க."

"எமனே வந்தாலும் சீட்டு சரியா இருந்தாத்தான் இவர் உயிரை விடுவாரு" என்பார் நர்ஸம்மா.

அவர் வெதுவெதுப்பான தண்ணீரில் மாவுத்துணிச் சுருளை அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை காத்திருப்பார். பிறகு இரண்டு முனையையும் பிடித்து மெல்லப் பிழிவார். சுற்றும்போது உள்ளங்கையால்தான் தடவ வேண்டும். விரல் நுனி பட்டால் குழி விழும். அந்தக் குழி உள்ளே தோலைத் தின்னும். இதையெல்லாம் அவருக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. கால்நூற்றாண்டுக்கு மேலாகக் கட்டுகிறார். அவர் கட்டியதைப் பிரித்து மறுபடி கட்டும்படி எந்த மருத்துவரும் சொன்னதில்லை.

சீட்டை வாசிக்கும் வழக்கம் மருத்துவமனையில் வந்ததல்ல. அது அவருடைய கல்லூரியின் கடைசி வருடத்தில் வந்தது.

அப்போது அவனுக்கு இருபது வயது. நானூறு பேர் படிக்கும் சின்னக் கல்லூரி. மைதானம் ஒரு பக்கம் சரிந்திருக்கும், மழை பெய்தால் தெற்குக் கோல் முழுக்கச் சேறு. கிழிந்த வலையை நைலான் கயிற்றால் தைத்திருப்பார்கள். கல்லூரிகளுக்கான லீக்கில் பன்னிரண்டு அணிகள். அதில் இந்தக் கல்லூரி எப்போதும் ஒன்பதாவதோ பத்தாவதோ வரும்.

அவன் இரண்டாவது கோல் கீப்பர். முதல் கீப்பர், அணியின் கேப்டன், ஆறடி இரண்டு அங்குலம் உயரம், உடம்பில் சதை என்று ஒன்று கிடையாது. அதனால் அவனுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர், சுருக்கமாக ஒட்டடை. இரண்டாவது கீப்பருக்கு ஸ்டெப்னி என்று பெயர் வைத்ததும் ஒட்டடைதான். வண்டியின் பின்னால் தொங்கிக்கொண்டு ஊரெல்லாம் வரும், ரோட்டில் மட்டும் ஓடாது.

அவனுடைய அப்பா காகித ஆலையில் வேலை பார்த்தவர். உருளைக்குள் கை போய் இரண்டு விரல்கள் நசுங்கின. நான்கு மாதம் அந்தக் கையைத் தினமும் பிரித்துத் துடைத்துக் கட்டியது அவன். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டான். கட்டிய பிறகு நகத்தை அழுத்திப் பார்ப்பான். வெள்ளையாகி உடனே ரோஸ் நிறம் திரும்பினால் சரி. கை ஆறியது. இரண்டு வருடம் கழித்து நெஞ்சுச் சளியில் அப்பா போய்விட்டார்.

அவர்கள் இருந்தது ஆலைக் குடியிருப்பில். இறந்தவரின் குடும்பத்துக்கு ஒரு வருடம் தவணை. அதற்குள் வீட்டில் யாருக்காவது ஆலையில் வேலை கிடைத்தால் வீடு தங்கும், இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். ஆலைக்குச் சொந்தமாக ஒரு கால்பந்து அணி இருந்தது. லீக்கில் விளையாடும் கல்லூரிகளிலிருந்து ஒவ்வொரு வருடமும் மூன்று நான்கு பேரை வேலைக்கு எடுப்பார்கள். ஒரே ஒரு நிபந்தனை. அந்த வருட லீக்கில் ஒரு ஆட்டத்திலாவது களத்தில் இறங்கியதாக நடுவரின் அறிக்கை வேண்டும். ஒரு நிமிடம் இறங்கினாலும் போதும்.

"ஒரு நிமிஷம்தானே, உங்க சார் விட மாட்டாரா?" என்றாள் அம்மா.

"விடுவாரும்மா. பதினோரு ஆட்டம் இருக்கே."

முதல் ஆட்டம் வெளியூரில். முதலுதவிக்கு வழக்கமாக வரும் ஆய்வுக்கூட உதவியாளர் அன்று வரவில்லை. ஆட்டத்துக்கு முன் பயிற்சிக்குப் பந்தைப் பிடித்துக்கொண்டிருந்தபோதே ஒட்டடையின் இடது சுண்டுவிரல் மடங்கிவிட்டது. ஸ்டெப்னி பெட்டியைத் திறந்து, சுண்டுவிரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்து, எட்டுப்போல் பட்டையைச் சுற்றினான். எல்லைக்கோட்டருகே மேசை போட்டு உட்கார்ந்திருந்த நடுவர், அணியின் பயிற்சியாளரான பி.டி. சாரைக் கூப்பிட்டார்.

"அந்தத் தம்பி யாரு? ஆட்டம் நடக்கும்போது உள்ள வரணும்னா முதலுதவியில பேர் இருக்கணும்."

"இதோ எழுதிடறேன்" என்று பி.டி. சார் பட்டியலை வாங்கி ஏதோ எழுதிக் கொடுத்தார். ஒட்டடை கேப்டனாகக் கையெழுத்துப் போட்டான். ஸ்டெப்னி அப்போது ஒட்டடையின் நகத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தார்கள். கல்லூரி முதல் ஆட்டத்தில் ஜெயித்தது ஆறு வருடத்துக்குப் பிறகு.

பி.டி. சார் ஜெயித்த எதையும் மாற்றாதவர். வேனில் யார் எந்த இருக்கையில் உட்கார்ந்தார்களோ, அதே இருக்கையில்தான் அடுத்த ஆட்டத்துக்கும் உட்கார வேண்டும். காலுறை துவைக்கக் கூடாது. விரல் சரியாகிவிட்ட பிறகும் ஒட்டடையின் சுண்டுவிரலுக்குக் கட்டுப் போட வேண்டும், அதை ஸ்டெப்னிதான் போட வேண்டும். ஆட்டக்காரர் பட்டியலைக்கூட முதல் ஆட்டத்தின் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே பேனாவால், எழுத்து மாறாமல் எழுதுவார். தோற்றால் மட்டும் எல்லாவற்றையும் புரட்டுவார், முதலில் கீப்பரை மாற்றுவார். போன வருடம் அப்படித்தான் ஒட்டடைக்கே இடம் கிடைத்தது.

அதனால் ஸ்டெப்னிக்கு வேண்டியிருந்தது ஒரு தோல்வி. அந்த வருடம் அது வரவேயில்லை.

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது ஆட்டங்களையும் ஜெயித்தார்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் வாசலிலேயே அம்மா கேட்பாள்.

"இறங்கினியா?"

"ஜெயிச்சுட்டோம்மா. மூணுக்கு ஒண்ணு."

"அது சரி. நீ இறங்கினியா?"

"இல்ல."

அவள் அவனுடைய பதினாறாம் எண் சட்டையை வாங்கிக்கொண்டு போய்த் துவைப்பாள். அதில் ஒரு பொட்டு மண் இருக்காது. "துவைச்சதையே துவைச்சா சட்டை தேஞ்சிடும்மா. அண்ணன் விளையாடித் தேயட்டும்" என்பாள் தங்கை. அம்மா கேட்காததுபோல் சோப்பைத் தேய்ப்பாள்.

ஐந்தாவது ஆட்டத்தில் எழுபதாவது நிமிடமே நான்கு கோல் முன்னால் இருந்தார்கள். ஸ்டெப்னி பெஞ்சின் ஓரத்திலிருந்து எழுந்து பி.டி. சாரின் பின்னால் போய் நின்றான்.

"சார், கடைசி அஞ்சு நிமிஷம்..."

"ஓடுற வண்டிக்கு யாராவது சக்கரம் மாத்துவாங்களாடா?"

"ஆலை வேலைக்கு சார். ஒரு நிமிஷம் இறங்கினாக்கூடப் போதும்."

பி.டி. சார் திரும்பிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. குடியிருப்பு விஷயம் அவருக்குத் தெரியும். "லீக் பட்டம் உறுதியாகட்டும். அன்னைக்கு முழு ஆட்டமும் நீதான். இப்போ போய் உன் இடத்துல உட்காரு. இந்த ஓரத்துல நின்னு பழக்கத்தைக் கெடுக்காதே."

ஏழாவது ஆட்டம்தான் தோல்விக்கு மிக அருகில் வந்தது. சொந்த மைதானத்தில், மழையில், எண்பத்தெட்டாவது நிமிடம் வரை ஒரு கோல் பின்னால் இருந்தார்கள். ஸ்டெப்னி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இன்னும் இரண்டு நிமிடம். இப்படியே முடியட்டும் என்று நினைத்தான். நினைத்தது அவனுக்கே கேட்டது. பக்கத்தில் இருந்தவன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான், அவனும் கடித்தான். அப்போது நடுக்களத்திலிருந்து யாரோ குருட்டாம்போக்கில் அடித்த பந்து சேற்றில் விழுந்து, நின்று, எதிரணிக் கீப்பரின் காலுக்கடியில் நழுவி உள்ளே போனது. பெஞ்சே எழுந்து குதித்தது. அவனும் குதித்தான். எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒட்டடை அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்து அவனைத்தான் முதலில் தூக்கினான்.

"உன் கட்டு ராசிடா ஸ்டெப்னி!"

அன்று வீட்டில் அம்மா கேட்கவில்லை. சட்டை நனைந்திருந்தது. அதை விரித்துப் பார்த்தாள். மழைத் தண்ணீர்தான், மண் இல்லை.

பத்தாவது ஆட்டத்தில் ஜெயித்ததும் பட்டம் உறுதியானது. இன்னும் ஒரு ஆட்டம் மிச்சம். அதில் தோற்றாலும் யாராலும் எட்ட முடியாது. வேனில் எல்லோரும் கத்திப் பாடிக்கொண்டிருந்தபோது பி.டி. சார் பின்னிருக்கைக்கு வந்தார். "சொன்ன சொல் சொன்ன சொல்தான். கையுறையைத் தூசி தட்டு."

குடியிருப்பைக் காலி செய்ய அப்போது நாற்பது நாள் இருந்தது. அந்த வாரம் முழுக்க அம்மா நன்றாகப் பேசினாள். கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில் என்பதால் தானும் தங்கையும் வருவதாகச் சொன்னாள். அதுவரை அவள் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை.

ஆட்டத்தன்று காலை முதல்வர் அணியை அறைக்கு அழைத்தார். மேசையில் ஒரு கருங்கல் பலகையின் வரைபடம் விரித்திருந்தது. கல்லூரி வாசலில் பதிக்கப் போகும் கல். மேலே கொட்டை எழுத்தில் 'தோல்வியே காணாத அணி' என்று இருந்தது.

"லீக் ஆரம்பிச்சதுல இருந்து இப்படி ஒரு அணி இருந்ததில்லை. கல்லுக்குச் சொல்லியாச்சு. இன்னைக்கு மட்டும் கோட்டை விட்டுடாதீங்கப்பா" என்று சிரித்தார் முதல்வர்.

வெளியே வந்ததும் பி.டி. சார் செருப்பைப் பார்த்தபடி பேசினார். "முழு ஆட்டம் முடியாதுடா. கடைசி பத்து நிமிஷம் இறக்குறேன். பெத்தவங்க மேல சத்தியம்."

"பத்து நிமிஷம் போதும் சார்." அவன் சொன்னது பொய்யில்லை. ஒரு நிமிடமே போதும்.

முப்பதாவது நிமிடத்தில் கல்லூரி ஒரு கோல் போட்டது. அறுபத்தைந்தாவது நிமிடத்தில் ஒட்டடை பந்தைத் தட்டிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டான். ஸ்டெப்னி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அதே இடது சுண்டுவிரல், இப்போது பக்கவாட்டில் திரும்பி நின்றது.

"முடியாதுடா, உயிர் போகுது. நீ நில்லு" என்றான் ஒட்டடை.

நடுவர் ஸ்டெப்னியைப் பார்த்தார். "என்னப்பா, விளையாடுவாரா மாட்டாரா?"

அவன் விரலைத் தொட்டுப் பார்த்தான். முறியவில்லை, மூட்டு விலகியிருந்தது. முறிந்துவிட்டது என்று சொன்னால் கேள்வி கேட்க யாரும் இல்லை. ஆனால் எப்படியும் பதினைந்து நிமிடத்தில் இறங்கத்தானே போகிறோம் என்று நினைத்தான். அதற்காக எதற்குப் பொய்? விரலை இழுத்து மூட்டில் உட்கார வைத்தான். ஒட்டடை அம்மாவைக் கூப்பிட்டு அலறினான். பஞ்சு வைத்து, எட்டுப்போல் சுற்றி, நகத்தை அழுத்தினான். ரோஸ் நிறம் திரும்பியது.

"விளையாடுவாரு சார்."

எண்பதாவது நிமிடம். பி.டி. சார் கையை அசைத்தார். "கழட்டுடா மேல்சட்டையை."

பதினோரு ஆட்டத்தில் முதல்முறையாக அவன் கையுறையைப் போட்டான். வேலியோரம் அம்மா எழுந்து நின்றாள். தங்கை இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். அந்தக் கோடியில் ஒட்டடை கையுறையைக் கழற்றியபடியே வெளியே நடக்க ஆரம்பித்திருந்தான்.

மேசை நடுவர் பட்டியலைப் பார்த்தார். பேனா முனை மேலிருந்து கீழே போய், மறுபடி மேலே வந்தது.

"பதினாறாம் நம்பர் மாற்று ஆட்டக்காரர்ல இல்லையே."

"இருக்கும் சார், பாருங்க" என்றார் பி.டி. சார்.

"இந்தத் தம்பி பேர்தானே இது? கீழ முதலுதவியில இருக்கு."

பி.டி. சார் பட்டியலைப் பிடுங்காத குறையாக வாங்கினார். முதல் ஆட்டத்தில் அவன் பெயரை முதலுதவிக்கு மாற்றியபோது மாற்று ஆட்டக்காரர் வரிசையில் அடித்துவிட்டிருந்தார். அதைத்தான் எழுத்து மாறாமல் பத்து முறை நகல் எடுத்திருந்தார். எந்த ஆட்டத்திலும் அவன் இறங்கியிருக்கவே முடியாது. நான்கு கோல் முன்னால் இருந்த அன்றும் முடியாது, மழையில் ஒரு கோல் பின்னால் இருந்த அன்றும் முடியாது.

"ரெண்டும் இவன்தான் சார். பத்தே நிமிஷம். தப்பு என்னோடது."

"ஒரே ஆள் ரெண்டு இடத்துல இருக்க முடியாதே. கீழ நீங்களும் கேப்டனும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பட்டியல்ல இல்லாதவரை இறக்கினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். ஆட்டம் தோத்ததா எழுதிடுவாங்க."

தோத்தது என்ற சொல்லைக் கேட்டதும் பி.டி. சார் கையிலிருந்த பட்டியலை மெதுவாக மேசையில் வைத்தார். பட்டம் போகாது. தோல்வியே காணாத என்ற இரண்டு வார்த்தைதான் போகும். ஆனால் பட்டியலில் இல்லாதவன் இறங்கினாலும் நடுவர் அறிக்கையில் அவன் பெயர் வராது என்பதால், அதை விட்டுக்கொடுத்தும் பயனில்லை. அவர் அவன் முகத்தைப் பார்க்காமல் ஒட்டடையைத் திரும்பிப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"உட்காருடா."

அவன் உட்கார்ந்தான். கையுறையைக் கழற்ற மறந்துவிட்டான். ஆட்டம் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முடிந்தது. எல்லோரும் உள்ளே ஓடினார்கள். ஒட்டடையைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள்.

அம்மா வேலியருகே வந்தாள். "இறங்கினியாடா?"

"இல்லம்மா."

"கையுறை போட்டியே?"

"போட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. தங்கைக்குப் புரிந்தது.

பி.டி. சார் ஆலைக்கு இரண்டு முறை நேரில் போனார். நடுவர் அறிக்கையில் இல்லாதவரை எடுக்க விதி இல்லை என்றார்கள். ஒட்டடையையும் வேறு மூன்று பேரையும் எடுத்தார்கள். தவணை முடிந்த அன்று அவனும் அம்மாவும் தங்கையும் குடியிருப்பைக் காலி செய்தார்கள். கட்டிலை வாசல் வழியாக எடுக்க முடியவில்லை. அப்பா அதை வீட்டுக்குள் வைத்தே செய்திருந்தார். கால்களை அறுத்துத்தான் வெளியே எடுத்தார்கள். புது வீட்டில் அதைப் போட இடமில்லை. ஒரே அறை, சமையலும் அதிலேயே. அம்மா அதற்குப் பிறகு பதினான்கு வருடம் அங்கே இருந்தாள், தரையில் படுத்தாள்.

கல்லூரி அவனுக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தது. தோல்வியே காணாத அணியின் முதலுதவியாளர், பதினோரு ஆட்டங்கள். வாசல் கல்லில் ஆட்டக்காரர்கள் பெயரும் பி.டி. சார் பெயரும் முதல்வர் பெயரும் இருந்தன. முதலுதவிக்குக் கல்லில் இடம் போதவில்லை. அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் மருத்துவமனையில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தார். தற்காலிகம் பதினோரு வருடம் நீடித்தது.

சென்ற மாதம் ஒட்டடை மாவுக்கட்டு அறைக்கு வந்தான். தலை நரைத்திருந்தது, உடம்பில் இப்போதும் சதை இல்லை. ஆலையிலிருந்து ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள்தான். குளியலறையில் வழுக்கி வலது மணிக்கட்டு முறிந்திருந்தது.

"டேய் ஸ்டெப்னி! உன் கையாலதான் கட்டணும்னு வந்தேன்."

"சீட்டைக் குடு."

"என்னடா, என் பேரு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நீயே வாசி. சீட்டுல என்ன இருக்குன்னு பாரு."

ஒட்டடை சீட்டை வாசிக்காமல் மடியில் கவிழ்த்து வைத்தான்.

"ஆறாவது ஆட்டத்துலயே பார்த்துட்டேன்டா" என்றான்.

அவர் சுருளைத் தண்ணீரில் விட்டார்.

"கையெழுத்துப் போடும்போது பார்த்தேன். உன் பேர் கீழ இருந்துச்சு. சொல்லியிருந்தா சார் பட்டியலை மாத்தணும். அஞ்சு ஆட்டமா ஜெயிச்ச பட்டியல். மாத்தினா ராசி போயிடும்னு... எனக்கும் அந்தப் பைத்தியம் பிடிச்சிருந்துச்சு. அப்புறம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துல சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். கடைசியில நீ இறங்க முடியாதுன்னு தெரிஞ்சும் கையுறையைக் கழட்டினேன் பாரு, அதைத்தான் நினைச்சுக்கிட்டே இருக்கேன்."

குமிழி நின்றது. அவர் சுருளை எடுத்து இரண்டு முனையையும் பிடித்துப் பிழிந்தார்.

"ஏன்டா, ஒரு வார்த்தை திட்டேன்."

"கையை அசைக்காதே."

மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குக் கீழே வரை, உள்ளங்கையால் தடவித் தடவிச் சுற்றினார். ஓரங்களை மடித்துவிட்டார். பிறகு கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கட்டைவிரலின் நகத்தை அழுத்தினார். வெள்ளையாகி, ரோஸ் நிறம் திரும்பியது. ஆறு வாரம் என்று சீட்டில் எழுதினார்.

"எழுதினது சரியா இருக்கான்னு பாத்துக்கோ" என்று அதைக் கொடுத்துவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார்.